பனி ஊர்ச் சிறுமியும் என் டிபன் பாக்ஸும்

கடலோர ஊரிலிருந்து வெண்ணந்தூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளப் பழக்குவதற்காகப் பல நாட்டுப் படக்கதைகளைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன்.

அன்று எடுத்த கதையில், பனி பெய்யும் ஊருக்குப் புதிதாக வந்த சிறுமி ஒருத்தி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எங்கள் வகுப்பு சபிதாவை மனதில் வைத்துத்தான் அந்தப் புத்தகத்தையே எடுத்தேன். கோழிப்பண்ணை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது.

"நம்ம பள்ளிக்கூடத்துல இப்படித் தனியா இருக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

யாரும் யோசிக்கவே இல்லை. "நீங்கதானுங்க டீச்சர்" என்றாள் முன்வரிசை கோகிலா. "மத்தியானமானா கதவச் சாத்திட்டு ஒண்டியா உக்காந்து சாப்படறீங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். சபிதாவும் ஆட்டினாள். இந்த ஊரில் யாரிடமும் நான் சொல்லாததை அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் புத்தகத்தை அப்படியே மூடிவிட்டேன்.

வழக்கம்போல் கதவைச் சாத்தி டிபன் பாக்ஸைத் திறந்தேன். யாரோ கதவைத் தள்ளினார்கள். சத்துணவுத் தட்டோடு சபிதா வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே கோகிலா, பிறகு மற்றவர்கள்.

"கீழ வாங்க டீச்சர்" என்றாள் கோகிலா. நாற்காலியை விட்டு இறங்கினேன்.

அந்தக் கதையின் அடுத்த பக்கத்தில், அக்கம்பக்கத்தார் தட்டுகளோடு அந்தச் சிறுமியைத் தேடி வருவார்கள். அந்தப் பக்கத்தை நான் அவர்களுக்கு இன்னும் படித்துக் காட்டியிருக்கவில்லை.