ராகுகாலத்துக்கு முன் ஒரு கஃபே

வவுனியாவில் அழகான கஃபே தேடித் திரிவதுதான் என் பொழுதுபோக்கு என்று சொன்னால் எங்கள் ஊர் முள்ளியவளையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொழும்பில் இருப்பவர்களுக்கு வவுனியா பஸ் நின்று போகிற ஓர் இடம். எங்களுக்கு அதுதான் பெரிய நகரம். வேலைநாட்களில் அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பின்னேரம் வேலை முடிந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒழுங்கைகளுக்குள் இறங்கிவிடுவேன். ஒருவருக்கும் தெரியாத கடையாய் இருக்கவேண்டும், வெளிச்சம் நன்றாய் விழவேண்டும். சுவரில் இரண்டு சிறகை வரைந்துவிட்டு நடுவில் நின்று படமெடுக்கச் சொல்கிற இடங்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பிடித்த இடத்தைப் படமெடுத்து இன்ஸ்ரகிராமில் போடுவேன்.

ஏன் இந்த அலைச்சல் என்று யோசித்திருக்கிறேன். எங்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. பக்கத்து வீடும் அதே அளவு, அதற்கடுத்த வீடும் அதே யன்னல். வாசல் படலையைப் பார்த்துத்தான் எது யாருடைய வீடென்று அறியவேண்டும். அதனாலோ என்னவோ, யாரோ தன் விருப்பத்துக்கு ஒரு கதிரையை இழுத்து யன்னலோரம் போட்டிருப்பதைக் கண்டால் நின்று பார்க்கத் தோன்றுகிறது. வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

இந்தப் பைத்தியம் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அக்கா பாலர் பாடசாலை ஆசிரியை. முப்பத்தைந்தை எட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பொம்பிளை பார்ப்பது பெரும்பாலும் கோயிலில்தான். பெண் வீட்டார் தற்செயலாகக் கும்பிட வந்ததுபோல வருவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் தற்செயலாக வருவார்கள். அந்தத் தற்செயலை ஊரே தூணுக்குத் தூண் நின்று பார்க்கும். பொருந்தாவிட்டால் அடுத்தநாள் காலையில் எதிர்வீட்டு அன்ரி படலையடிக்கு வந்துவிடுவார். "என்னவாம் பிள்ளை? சரிவந்ததோ?" அன்ரி கேட்டுவிட்டுப் போனால் சந்திக் கடையில் கேட்பார்கள். பிள்ளையைக் கூட்டிவருகிற தாய்மார் கேட்பார்கள். கடைசித் தடவை ஒரு தாய், பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்டாளாம். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதன்பிறகுதான் தரகர் ஒருவர் மூலம், ஊருக்கு வந்து நின்ற கனடா மாப்பிள்ளையின் சம்பந்தம் வந்தது. சாதகம் பொருத்தம். அக்கா அம்மாவிடம் அறுத்து உறுத்துச் சொன்னாள்.

"இதுதான் கடைசி அம்மா. கோயிலுக்கு வரமாட்டன். எங்கட ஊர் ஆக்கள் ஒருத்தரும் என்னைக் காணக்கூடாது. கண்டாங்கள் எண்டால் இதோட விட்டிடுவன்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீதானே கடை கடையா அலையிறனி. ஒரு இடம் சொல்லன். கனடாவில இருக்கிற தாய்க்குப் படம் அனுப்பவேணுமாம், வடிவாயும் இருக்கவேணும்."

என்னிடம் ஓர் இடம் இருந்தது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் குளக்கட்டுக்குக் கிட்ட வைத்திருக்கிற கஃபே. வீட்டின் பின்புறம், ஓட்டைக் கல் வைத்துக் கட்டிய சுவர், மாமரத்தடியில் சில மேசைகள், மேசைகளுக்கிடையில் ஆளுயரச் செடிகள். பின்னேர வெயில் அந்தச் சுவரால் புள்ளி புள்ளியாக வந்து மேசையில் விழும். நடத்துகிற அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்; தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவர் அவிக்கும் வட்டிலப்பத்துக்காகவே வாரத்தில் ஒருநாள் போய்விடுவேன். எல்லா இடத்தையும் இன்ஸ்ரகிராமில் போட்டிருக்கிறேன், அந்த ஒன்றைத் தவிர. போட்டால் கூட்டம் வந்து கெடுத்துவிடும் என்ற கஞ்சத்தனம்தான். அந்த இடத்தை அக்காவுக்காகக் கொடுத்தேன். தரகருக்கும் வழி சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணி என்றார் தரகர். அம்மா கலண்டரைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழும்பினார்.

"ஞாயிறு நாலரைக்குப் பிறகு ராகுகாலம்! இந்த மனிசனுக்கு இது தெரியாதே? நாங்கள் நாலு மணிக்கே போய்க் காலடி வைப்பம். பிறகு அவங்கள் எப்ப வந்தால் என்ன."

கண் டொக்ரரிடம் போகிறோம் என்று அயலில் சொல்லிவிட்டு மூவரும் பஸ் ஏறினோம். அக்கா கடைசி இருக்கையில் இருந்தாள். நெடுங்கேணி தாண்டும்வரை சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடியே வந்தாள். களவெடுத்தவள்கூட இப்படி ஒளிந்து போகமாட்டாள்.

கஃபேக்குள் நுழைந்ததும் ராத்தா சிரித்தார். "வாங்க மகள். உங்கட ஆக்கள் உள்ளுக்கு இருக்காங்க."

எங்களுடைய ஆட்களா? நான் செடியை விலக்கிப் பார்த்தேன். அங்கே பட்டுச்சேலையில் எதிர்வீட்டு அன்ரி. பக்கத்தில் தலை குனிந்தபடி அவருடைய மகள். எதிரே தரகர். தரகருக்குப் பக்கத்தில், எங்கள் கைபேசியில் இருக்கிற அதே முகம், கனடா மாப்பிள்ளை.

ஐயோ கடவுளே! மூன்று மணிக்கு அவர்கள், ஐந்து மணிக்கு நாங்கள் என்று மனுசன் ஒரே இடத்தில் இரண்டு வீட்டையும் முடிக்கப் பார்த்திருக்கிறார். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த இடத்தில்! அவர் வாயைத் திறக்கட்டும், கிழிக்கிறேன் என்று நின்றேன். அன்ரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு செத்தவீட்டு அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிறோம் என்றுதான் அன்று காலையில் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

தரகர் எழுந்து என்னிடம் ஓடிவந்தார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ, கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்கோ. இப்ப முடிஞ்சிடும்."

நான் அக்காவைப் பார்த்தேன். இதோ திரும்பி ஓடப்போகிறாள், இனி வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள்தான் என்று நினைத்தேன். அவள் பார்த்தது தரகரையோ மாப்பிள்ளையையோ அல்ல. அன்ரியின் மகளை. அந்தப் பிள்ளை நிமிர்ந்து அக்காவைக் கண்டதும் கண் கலங்கி, சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடப் பார்த்தாள்.

அக்கா நேரே போனாள். ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். அவளுடைய கையைப் பிடித்து முகத்திலிருந்து இறக்கிவிட்டாள். பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னாள்:

"தம்பி, ரெண்டு பேரையும் பாத்திட்டியள். இனி நீங்கள் வெளியில நில்லுங்கோ. நாங்கள் தேத்தண்ணி குடிக்கப்போறம்."

அவர் தம்பியல்ல, அக்காவைவிட மூப்பு. பாவம், அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இப்பிடியெண்டு தெரியாதுங்கோ," என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். தரகர் பின்னால் ஓடினார். நான் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போய்விட்டது.

ராத்தா ஒன்றும் கேட்காமல் பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீயும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார். அன்ரி அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடித்தார். "சத்தியமா ஒருத்தரிட்டையும் வாய் திறக்கமாட்டன். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஏன் அன்ரி? தாராளமாச் சொல்லுங்கோ," என்றாள் அக்கா, வாய் நிறைய வட்டிலப்பத்தோடு. அன்ரியின் மகள் முதலில் விக்கினாள், பிறகு சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியவர்களால் நிறுத்த முடியவில்லை. சுவரால் வந்த வெயில் இருவருடைய முகத்திலும் புள்ளி புள்ளியாய்க் கிடந்தது. நான் யோசிக்காமல் படம் எடுத்துவிட்டேன். இத்தனை காலம் அலைந்து எடுத்த படங்களில் அப்படி ஒன்று இல்லை.

இரண்டு வீட்டாரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அக்கா முன் இருக்கையில், யன்னலோரம் இருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"போடு," என்றாள். "இடத்தின்ர பேரோட போடு."

"விசரே அக்கா? ஊர் முழுக்கப் பாக்கும். நாளைக்குப் பள்ளியில கேப்பினம்."

"கேக்க முதல் சொல்லிவிடுவம்."

அன்ரியின் மகள் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, தனக்கும் சம்மதம் என்று தலையாட்டினாள். என்ன எழுதுவது என்று கேட்டேன். அக்கா கைபேசியைத் திருப்பித் தந்தாள்.

"சரிவரேல்லை. வட்டிலப்பம் நல்லம். அப்பிடிப் போடு."

அப்படியே போட்டேன். முள்ளியவளைச் சந்தியில் இறங்கும்போது பொழுது பட்டு, கடை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடை வாசலில் நின்றவர்களில் சிலர் கைபேசியைப் பார்த்துக்கொண்டும் சிலர் எங்களைப் பார்த்துக்கொண்டும் நின்றார்கள். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுத்தெருவால் நடந்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.