எங்கள் வீட்டு ஜப்பான் பாத்ரூம்

“…நீங்க பேப்பர் படிச்சிக்கினே இருங்க, உள்ள ஒருத்தி மொண்டு மொண்டு ஊத்திக்கினு இருக்கா, காதுல விழல?” என்றாள் என் மனைவி கனகா, கட்டிலில் சாய்ந்தபடி, பட்டப்பகலில், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில்.

விழுந்தது. அவள் சொல்வதற்கு முன்னாலேயே விழுந்தது. பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேனே தவிர ஓர் எழுத்தும் படிக்கவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக ஓடினவன் நான், பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட பாசஞ்சர் வாயில் படித்தது அதிகம். பேய்க்கதை சொல்லாத பாசஞ்சரே கிடையாது. அத்தனையும் கேட்டுவிட்டு, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சில்லறை எடு” என்று டிக்கெட் கிழித்தவன். இதெல்லாம் நம்புகிற ஜாதியே இல்லை நான்.

திண்டிவனத்தில் எங்கள் வீடு சின்னது, பெட்ரூமோடு சேர்ந்த பாத்ரூம் அதைவிடச் சின்னது, உள்ளே ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். அதில்தான் கனகா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு கூடிவிட்டது, ஆனாலும் காலைக் கீழே வைக்க மாட்டேன் என்றாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எலும்புல ஒண்ணுமில்ல, பயம்தான். இப்படியே படுத்திருந்தா கால் சூம்பிடும், அப்புறம் நானே நெனச்சாலும் நடக்க வைக்க முடியாது” என்றார். தினமும் படுக்கையிலேயே ஈரத்துணியால் துடைத்துவிடுவேன், அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க நானும் பழகிக்கொண்டேன்.

பாண்டிச்சேரியில் இருக்கும் எங்கள் மகள் செல்விதான் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள். ஜப்பான்காரன் பாத்ரூமாம். வழுக்காத கறுப்புக் கல் தரை, மூங்கில் தடுப்பு, மூலையில் ஒரு கல்தொட்டி, அதன் எதிரே குட்டையாய் ஒரு மர முக்காலி. உட்கார்ந்து மொண்டு குளிக்கணும், உட்கார்ந்தவன் எங்கே விழப்போகிறான்?

“அய்ய, இதுக்கு எதுக்குடி ஜப்பான், எங்க வீட்ல மணை போட்டு உக்காந்துதான குளிச்சோம்” என்று கனகா சிரித்தாள். விழுந்ததற்கப்புறம் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். உடனே முருகையன் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். தெருவில் ஒரே கிண்டல், “கண்டக்டர் வீட்ல ஜப்பான் கக்கூஸ் வருதாமே, சும்மா போலாமா, விசா வாங்கினு போகணுமா?” என்று. பேசட்டும், ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

தொட்டிக்கு எங்கே போவது? திருவக்கரைப் பக்கம் மாடெல்லாம் விற்றுவிட்ட ஒரு விவசாயி, என் பழைய பாசஞ்சர், கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டின சின்னக் கல்தொட்டியைக் கொடுத்தார். “மாடு போன வீட்ல தொட்டிக்கு இன்னா வேலை, எடுத்துக்கினு போங்க கண்டக்டரே.” மூலையில் கச்சிதமாய் உட்கார்ந்தது. தண்ணீர் லைன் மட்டும்தான் பாக்கி.

வினையே அங்கேதான் வந்தது. முருகையன் கை, வாசக்கால் நிறுத்தி நிறுத்திப் பழகின கை. தொட்டியை நிறுத்தினதும் அந்தப் பழக்கத்தில் அதற்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ சாத்தி, கற்பூரமும் காட்டிவிட்டது. கனகா கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டாள்.

“இன்னா மேஸ்திரி பண்ணிட்ட? மஞ்சா பூசின கல்லு சாமியாச்சே, அது எதிர்ல நான் எப்பிடித் துணி அவுக்கறது?”

“கழுவிட்டா போச்சும்மா.”

“நீ கழுவுவியா? உனக்குப் புள்ளகுட்டி இல்ல?”

முருகையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சரி, நானாவது கழுவினேனா? இல்லை. நம்பாதவன் என்றாயே என்பீர்கள். நம்பாதது வாய்தான், கைக்கு அந்தத் தைரியம் இல்லை. வேலை அப்படியே நின்றது. “நான் அதுக்குள்ள வரமாட்டேன்” என்று கனகா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான், முதலில் சொன்னேனே, இந்த மதியம்.

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், பைப் வாயெல்லாம் துணி சுருட்டி அடைத்தது அடைத்தபடி இருந்தது. தரையில் சிமெண்டுத் தூசி, என் காலடி தவிர வேறு தடமில்லை. தொட்டிக்குள் வாடின பூ. நான் தலையை நீட்டினதும் சத்தம் நின்றது, திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி சளக், சளக். பக்கத்து வீடா என்றால் அந்தப் பக்கம் காலி மனை, யாரோ மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்தார்கள். அப்போதுதான் அரைத்த மஞ்சள் வாசனை மெல்ல வந்தது.

“யாருமில்ல கனகா, தண்ணியே இல்ல, எங்கேர்ந்து ஊத்துவாங்க?” என்றேன்.

அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, “அவளே வெக்கப்படாம குளிக்கிறா, எனக்கு இன்னா வெக்கம்?” என்றபடி காலைக் கீழே வைத்தாள். பாய்ந்துபோய்ப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

“விடுங்க. பொம்பளைங்க குளிக்கிற எடத்துல உங்களுக்கு இன்னா வேலை?”

சுவரைப் பிடித்துக்கொண்டு, அரை அரை அடியாய், போனாள். போயே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கனகாவின் குரல் மட்டும் கேட்டது, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விடுகிற மாதிரி விட்டு விட்டு. நடுவில் ஒரு சிரிப்பு. இப்போது அவள் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் மீன்காரியோடு சண்டை பிடித்துவிட்டு வருகிறாள், தண்ணீர் லைன் வந்தபிறகு தினம் அதே பாத்ரூமில்தான் குளிக்கிறாள். அன்றைக்கு உள்ளே என்ன பேசினாய் என்று கேட்டால் மட்டும், “குளிக்கிற எடத்துல பேசினத வெளிய சொல்லுவாங்களா?” என்று முடித்துவிடுகிறாள்.

அன்றைக்கு நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன். கதவு லேசாய்த் திறந்தது. முழங்கை வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்த கை ஒன்று நீண்டது, கனகாவின் கைதான், அவள் வளையல்தான்.

“துண்டு குடுங்க.”

கொடுத்தேன். உள்ளே போன கை மறுபடியும் வெளியே வந்து நீண்டது.

“இன்னொண்ணு” என்றாள்.