மாப்பிள்ளை ஓட்டிய வேன்

வாப்பா சவூதி வெயிலில் வெந்து சம்பாதித்து, குடும்பத்துக்கென்று வாங்கிய வேன் அது. ஆனால் அதை ஸ்டார்ட் பண்ணும் திறப்பு, எங்கள் வீட்டோடு வாழ வந்த மச்சானின் இடுப்பில்தான் தொங்கியது. வீட்டின் மூத்த பெண், ராத்தாவின் மாப்பிள்ளை அல்லவா! இறக்காமத்து வயலிலிருந்து கூரை முட்ட நெல் மூட்டை ஏற்றி, வாய்க்கால் கட்டுகளில் ஓட்டினார். வருடம் ஒன்று முடியுமுன்னே கியர்பொக்ஸ் அரைபட்டு, வேன் நடுவீதியில் நின்றது. நானும் தம்பியும் வியர்வை ஊற்றத் தள்ளினோம். அவர் உள்ளே குந்தியிருந்தார்.

“வித்தவன் பழசைத் தலையில கட்டிப்போட்டான் மாமி” என்றார், வீட்டுக்கு வந்ததும்.

“ஓம் மருமகன், இப்பத்தைய சாமானெல்லாம் இப்படித்தான்” என்றார் உம்மா.

நான் வாயைத் திறந்தேன். உம்மா என் தொடையில் கிள்ளினார். எங்கள் ஊரில் மாப்பிள்ளையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அன்று கோழி அறுத்து அவருக்கு ஆக்கிப்போட்டார்கள். தள்ளிய எங்களுக்குக் குழம்பு மட்டும்.

வேறு கியர்பொக்ஸ் போட்டு வேன் வந்ததும், உம்மா திறப்பை முந்தானையில் துடைத்து அவரிடமே நீட்டினார்.

வாப்பா லீவில் வந்த அன்று, பஸ்ஸால் இறங்கி, பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். வேன் நெல்லேற்றப் போயிருந்தது.