லென்ஸைத் திருகிய கை

இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டுக்காரி ஆரம்பாக்கத்து வீட்டில் படுக்கையில் கிடந்தபோதுதான் இளைய மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. ஜோடியாக நிற்க வழியில்லாததால், என் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்தார்கள். என் வீட்டுக்காரிக்கு வீடியோதான் கல்யாணம்.

மண்டபத்தில் வீடியோக்காரர் கேமராவில் ஒரு வளையத்தை மாட்டி, அதில் பழைய லென்ஸைப் பொருத்தினார். பழைய பம்புசெட் வாங்கி ஒரு போகம் நெற்பயிரைத் தண்ணியில்லாமல் கருகவிட்டவன் நான். சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா தம்பி, கையால திருகினு கீற? தானா ஃபோகஸ் ஆவுற லென்ஸ் இல்லியா?"

"கீது நைனா. அட்சதை தூவுறப்போ அது பொண்ண உட்டுட்டு அரிசிக்குத் தாவிடும்."

"கதை வுடாத. என் வூட்டுக்காரி இதுலதான் கல்யாணத்தப் பாக்கணும்."

நான் நம்பவில்லை. பக்கத்திலேயே நின்று அவர் விரல்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கொட்டியது. என் தலையிலும் அரிசி விழுந்தது. நிமிர்ந்தபோது தாலி ஏறியிருந்தது.

பிறகு ஒருநாள் கட்டிலோரம் உட்கார்ந்து இருவரும் வீடியோவைப் பார்த்தோம். பறக்கும் அரிசிக்கு நடுவே மகள் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. அவள் கண்கள் யாரையோ தேடின.

"நீ எங்கய்யா இருந்த?" என்றாள் என் வீட்டுக்காரி.

"அங்கதான் நின்னுனு இருந்தேன்" என்றேன்.

அந்தத் தாலிகட்டை நானும் அவளோடு சேர்ந்துதான் முதல்முறை பார்த்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.