சிவப்பு மை படாத காகிதங்கள்

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து போன் வந்தது. மரகதம் டீச்சரின் பக்கத்து வீட்டு அம்மா. "சின்னப்பொண்ணுதானே பேசறது? டீச்சர் போய்ட்டாங்கம்மா. பால் வாங்க கதவு தொறக்கலயேன்னு போய்ப் பாத்தோம். படுத்த மேனிக்கே கீறாங்க" என்றார்கள்.

உலை கொதித்துவிட்டது. பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை. சோறு பரிமாறிவிட்டு, வெள்ளிமலைக்கு நடந்து, பஸ் பிடித்து, கச்சிராயபாளையத்தில் மாறி, போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசல் ஈரம் இன்னும் காயவில்லை. டீச்சரின் தம்பி மகன், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "டீச்சரோட வேலை செஞ்சவ" என்றேன். "ஓ, வேலைக்காரம்மாவா? உள்ள வந்து காபி குடிங்க" என்றார். நல்ல மனிதர்தான். கடைசி பஸ்ஸைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முப்பதாம் நாள் படத்திறப்புக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் அக்கா என்று டீச்சரிடம் படித்த பிள்ளைகள் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அந்த வாசலில் சொல்லாமல் வந்ததை இங்கே சொல்கிறேன்.

டீச்சருக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. எங்கள் மலைக்கு வேலைக்கு வந்தபோது முப்பது வயது தாண்டியிருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒருத்தரும் எனக்கு ஒழுங்கா ஒரு லெட்டர் போடல, அதான்" என்று சிரிப்பார்கள். எனக்கும் வீட்டில் யாரும் இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷமே வீட்டுக்காரர் தவறிவிட்டார். பிள்ளையும் கிடையாது. சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் நானும் டீச்சரும்தான் மிச்சம். அவர்கள் மறுநாளைக்கு வேண்டியதைத் தயார் செய்வார்கள். நான் அண்டா கழுவுவேன். பேசிக்கொள்வது கொஞ்சம்தான். ஆனாலும் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று இருக்கும்.

ஒரே அறையில் ஐந்து வகுப்பு. எழுத்து சொல்லிக்கொடுப்பதில் டீச்சர் வகுப்புக்கு ஒரு விதமாக நடந்துகொள்வார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாசம் பென்சிலே கிடையாது. பேசச் சொல்வார்கள். "எங்க ஆடு குட்டி போட்ச்சி டீச்சர், அத நரி தூக்கினு போய்ட்ச்சி" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, விரல் வைத்துப் படித்துக்காட்டுவார்கள். தன் வாயிலிருந்து போனது பலகையில் நிற்பதைப் பார்த்து அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொள்ளும். மூன்றாம் வகுப்புக்குத் தினம் ஒரே ஒரு வரி. பள்ளிக்கூடம் வரும் வழியில் பார்த்த ஒன்று. இரண்டு வரி எழுதினால் வாங்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்குக் கடிதம். பக்கத்தில் இல்லாத ஆளுக்குத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வரை சிவப்பு மை தொட மாட்டார்கள். ஒருமுறை கீழே இருந்து வந்த தலைமையாசிரியர் ஒருவர் நோட்டைப் புரட்டி, "இன்னா டீச்சர், பக்கத்துக்குப் பத்து தப்பு கீது, ஒரு கோடு கூட போடலயே?" என்றார். "தப்பு எங்க சார் போவுது, அப்புறமா புடிச்சிக்கலாம். புள்ள பயந்து ஓடிட்டா புடிக்க முடியாது" என்றார்கள் டீச்சர்.

அந்தச் சிவப்பு மை இல்லாததால்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் குடகுக்கும் கேரளாவுக்கும் காப்பிக்கொட்டை, மிளகு பறிக்கப் போவார்கள். பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் நாலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து இருபத்துமூன்று பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்கள். டீச்சர் ஒன்றையும் படிக்கவில்லை. "நான் படிச்சா எனக்காவ எழுதிடுவாங்க" என்பார்கள். ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி சனிக்கிழமை எடுத்துப்போவதாக ஏற்பாடு. வகுப்பறைக் கூரை ஒழுகியதால், எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டுச் சமையல் கொட்டகையில் வைத்தார்கள்.

கார்த்திகை மழை. விறகு எல்லாம் ஈரம். பையைத் திறந்து பார்த்தேன். கோணல்மாணலான எழுத்து, ஒன்றில் கூட டீச்சரின் சிவப்புக் கோடு இல்லை. சின்ன வகுப்புக்கு அவர்கள் திருத்துவதே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. திருத்தாத காகிதம் வேண்டாத காகிதம் என்று நினைத்தேன். மூன்று நாள் அடுப்பு அதில்தான் பற்றியது.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார்கள். "சின்னப்பொண்ணு, இங்க ஒரு பை வெச்சனே?"

"அந்தக் காயிதமா? அடுப்புக்குப் போட்டுட்டனே டீச்சர்."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு, "வா. புள்ளைங்ககிட்ட நீயே சொல்லு" என்றார்கள்.

நான் பிள்ளைகள் முன்னால் தனியாக நின்று சொன்னேன். டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்கள். சில பிள்ளைகள் அழுதன. டீச்சர் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "கோவம் வருதில்ல? அத அக்காவுக்கு எழுதுங்க. அக்கா ஒவ்வொருத்தருக்கும் பதில் போடுவா" என்றார்கள்.

"அக்கா நான் எங்கம்மாவ சட்ட கேட்டேன், இனிமே நீதான் வாங்கித் தரணும்" என்று ஒருவன் எழுதினான். "உன் சாம்பார்ல பருப்பு கம்மி. பாவம்னு இத்தினி நாளா சொல்லல" என்று ஒருத்தி. ராசாத்தி என்ற பெண் மட்டும் வெறுந்தாளைக் கொடுத்தாள். "மின்னாடி எழுதினது எரிஞ்சிட்ச்சி, இனிமே திரும்பி வராது டீச்சர்" என்றாள்.

ஒரு மாசம், அண்டா கழுவிய பிறகு, பதில் எழுதினேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என் எழுத்தையும் திருத்தவில்லை. ராசாத்தி தாளைக் காட்டி, "வெத்துக் காயிதத்துக்கு இன்னா டீச்சர் பதில் எழுதறது?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியல. நீ எழுது, பாப்போம்" என்றார்கள். "நீ எழுதினது இன்னான்னு தெரியாமலே எரிச்சிட்டேன், அதான் எனக்குத் தாங்கல" என்று எழுதிக்கொடுத்தேன். வாங்கி மடித்துப் பாவாடையில் சொருகிக்கொண்டாள். பொங்கலுக்கு வந்த அவள் அம்மா, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளையும் குடகுக்குக் கூட்டிப்போய்விட்டாள். திரும்பி வரவில்லை. டீச்சர் மேஸ்திரியிடம் கேட்டு இரண்டு எஸ்டேட்டுக்குக் கடிதம் போட்டார்கள். இரண்டும் திரும்பி வந்தன.

"எரிஞ்ச காயிதத்துல, என்னை இட்டுனு போவாதம்மான்னு எழுதியிருப்பாளா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். உன் ஆறுதலுக்காவ நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார்கள்.

பிறகு டீச்சருக்குப் பதவி உயர்வு வந்து சங்கராபுரம் பக்கம் உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விட்டார்கள். சாயங்காலங்களில் நான் மட்டும் அண்டா கழுவினேன். வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்கப் போவேன். ஒருமுறை என்னை ஒன்பதாம் வகுப்பில் பின்னால் உட்கார வைத்து, மழையைப் பற்றி ஒரு பையன் எழுதிய கட்டுரையை அவனையே படிக்கச் சொன்னார்கள். வானமகள், முத்துமாரி, ஏதேதோ. "புரியுதா சின்னப்பொண்ணு?" என்றார்கள். "நல்லாத்தான் கீது. ஆனா மழ யாரு வூட்டு மேல பெஞ்சதுன்னு தெரியலீங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பாதிக் கட்டுரையை அடித்துவிட்டு, "உங்க வூட்டு மேல பெஞ்ச மழய எழுதினு வா" என்று கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும், "இங்க மட்டும் இன்னா டீச்சர் இவ்ளோ சிவப்பு?" என்று கேட்டேன். "சின்னதுங்களுக்குப் பயம் போவணும். பெருசுங்களுக்குக் கொஞ்சம் வெக்கம் வரணும். ரெண்டையும் மாத்திப் போட்டா கெட்டுடும்" என்றார்கள்.

ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் தனியாக இருந்தார்கள். போன ஆடி மாசம் பார்க்கப் போனேன். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கிளம்பும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்தப் பைய அடுப்பாண்ட வெச்சது நானு. அது இன்னா காயிதம்னு உனக்கு ஒரு வார்த்த சொல்லல. அன்னிக்கு உன்ன மட்டும் நிக்க வெச்சிட்டு நான் ஜன்னலாண்ட நின்னுனு இருந்தேன். உன் பக்கத்துல வந்து நின்னிருக்கணும். இத்தன வருசமா சொல்ல வாய் வரல, சின்னப்பொண்ணு."

"அத்த வுடுங்க டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த முறை ஒழுங்காகப் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை போனபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

டீச்சர், என் பதில் இதுதான். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தால், பிள்ளைகள் உங்கள் முகத்துக்காக என்னைத் திட்டாமல் விட்டிருக்கும். எனக்கு ஒருத்தரும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். என் பெயர் போட்டு எனக்கென்று இதுவரை வந்தது அந்தக் கடிதங்கள்தான். எல்லாம் திட்டுத்தான். ஆனாலும் எனக்கு வந்தது. அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ராசாத்தி விஷயம் மட்டும் அப்படித் தீராது. அது நம் இரண்டு பேருடையது. பொங்கலுக்கு முன்னால் எஸ்டேட் வேன் மலைக்கு வரும்போது, இறங்குகிற பெண்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அன்று சாயங்காலமே நீங்கள் போன் போட்டு, "வந்தாளா?" என்று கேட்பீர்கள். இந்த வருஷம் யாரும் கேட்கப்போவதில்லை. நான் போய் நிற்பேன். அவள் வந்தால், உங்களுக்கும் சேர்த்து நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள், டீச்சர்.