பல் முளைத்த ஈரல்செடி

அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறைக்குக் காவல் சின்னக்கா. வேலையில் சேர்ந்தபோது வைத்த பட்டப்பெயர், ஐம்பத்தாறு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அழிந்துவரும் உயிரினங்களுக்கான அந்த அறையில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, கூரையிலிருந்து தொங்கும், பைபரில் செய்த நான்கு மீட்டர் சுறா. மற்றது, கண்ணாடித் தொட்டிக்குள் கல்லோடு அப்பிக் கிடக்கும் ஈரல்செடி. நகத்தளவு பச்சை மடல்கள், பூ கிடையாது, ஈரம் காய்ந்தால் கதை முடிந்தது. தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் தெளிப்பது சின்னக்காதான்.

வருகிறவர்கள் சுறாவோடு படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கும்வரை கைப்பையைத் தொட்டிமேல் வைப்பார்கள்.

"ரெண்டும்தானே அழிஞ்சுக்கிட்டு இருக்கு? பல்லு இருந்தாதான் பாவம் பாப்பாங்க போல," என்று வீட்டில் புலம்பினார் சின்னக்கா.

"எனக்கும்தான் பல்லு இல்ல. என்னை யாரு படம் எடுக்கறாங்க?" என்றார் கணவர்.

ஒரு விடுமுறை நாளில் விளக்கப் பலகைகளைக் கழற்றிக் கழுவி மாட்டினார் சின்னக்கா. முந்தின நாள்தான் மூக்குக்கண்ணாடிமேல் உட்கார்ந்து அதை நொறுக்கியிருந்தார். எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தது.

மறுநாள் தொட்டியைச் சுற்றி ஒரே கூட்டம். ஆனால் எல்லோரும் இரண்டடி தள்ளியே நின்றார்கள்.

"முந்நூறு பற்கள். இரத்த வாடையைத் தொலைவிலிருந்தே அறியும்," என்று ஒருவர் உரக்கப் படித்தார். விரலில் கட்டுப்போட்டிருந்த ஒருவர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இப்ப தூங்குதா?" என்றார்.

சுறாவுக்குக் கீழே ஓர் அம்மாள், "ஈரப் பாறையில் ஒட்டி வளரும். தயவுசெய்து மிதிக்காதீர்கள்," என்று படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "இதை எவன் மிதிக்கப்போறான்?"

சின்னக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்புளியை எடுத்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாலையில் அதிகாரி வந்துவிட்டார். "யாரு பாத்த வேலை இது?"

"நான்தான் சார். தெரியாமதான் மாட்டினேன். தெரிஞ்சப்புறம் மாத்த மனசு வரல. இன்னிக்குத்தான் சார் இதை நாலு பேரு பாத்தாங்க."

அதிகாரி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "இது உயிரோட இருக்கா? நான் பிளாஸ்டிக்னுல்ல நெனச்சேன்!"

பலகைகள் மறுபடி சரியான இடத்துக்குப் போயின. தொட்டிக்கு ஒரு பூதக்கண்ணாடி வந்தது. அதிகாரியும் மதியம் தவறாமல் வந்து அதில் கண்ணை ஒட்டிக்கொண்டு நின்றார். என்ன ஏதென்று தெரியாமலே அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.