தட்டு கொட்டாவி விட்ட வாரம்

வட்டம் கீறுவது லேசு. ஒரு தகரப் பேணியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிவரக் கீறினால் வட்டம். நீள்வட்டம் அப்படி இல்லை. கவிழ்த்து வைக்க வீட்டில் ஒரு சாமானும் கிடையாது. கைதான் போட வேண்டும். பிள்ளைகளே, நீங்கள் படம் கீறுகிறவர்கள் என்றால், ஒரு கப்பின் வாய் கோணிப்போய் அழிறப்பரைத் தேடியிருப்பீர்கள். நானும் தேடியவன்தான். அந்த வாயை ஒழுங்காகக் கீற முடியுமா, முடியாதா என்பதில் எனக்கு ஒரு பகல் வேலை தங்கியிருந்தது. அந்த வாரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மொன்றியாலுக்கு வந்து எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். கோட்-டெ-நெய்ஜில் ஒற்றை அறை வீடு. நானும் மனைவியும் நாலு வயது மகளும் அறைக்குள். மனைவியின் தம்பி வெளியே சோபாவில். நான் ஒரு உணவுக்கடையில் கோப்பை கழுவினேன். பின்னேரம் நாலு மணிக்குப் போய்த் திரும்பி வரும்போது மகள் நித்திரை. காலையில் தாய் பிரெஞ்சு வகுப்புக்கும் அவள் கார்டெரிக்கும் வெளிக்கிடும்போது நான் நித்திரை. கார்டெரி என்றால் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அவள் அங்கிருந்து திரும்பும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். இப்படி ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்து நித்திரை கொண்டோம். ஒருநாள் அவள் தாயிடம் கேட்டாளாம்: "அம்மா, அப்பாவுக்கு என்ன வேலை? படுக்கிறதோ?"

அதைக் கேட்ட பிறகுதான் பகல் வேலை தேடத் தொடங்கினேன்.

செயின்ட்-மிஷேலில் ஒரு இத்தாலிக்காரர். கடைக் கண்ணாடிகளில் பெயர் எழுதிப் படம் போட்டுக் கொடுப்பவர். உதவிக்கு ஆள் தேவை, காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்து வரை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊரில் நான் சைக்கிள் மட்காட்டிலும் கடைப் பலகையிலும் எழுத்து எழுதியவன். அந்தத் துணிவு. அவர் ஒரு பழைய கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, தூரிகையைத் தந்து, மேசையில் இருந்த தன் கோப்பிக் கப்பையும் அதன் கீழ்த்தட்டையும் காட்டினார்.

தட்டுக்கு நான் மேலே ஒரு வளைவு போட்டேன். கையை எடுத்தேன். கீழே ஒரு வளைவு போட்டேன். இரண்டும் சந்தித்த இடங்களில் இரண்டு கூர் வந்துவிட்டது. தட்டு, கண்ணாகிவிட்டது. அதற்கு நடுவில் கப்பு கருமணி மாதிரி நின்றது.

மனிதர் கோபிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டு, துணியால் துடைத்தார். பிறகு தன் கையைத் தோளிலிருந்து முழுவதுமாக வீசி, காற்றில் ஒரே சுற்றாகச் சுற்றிக் காட்டினார். எனக்கு அவர் மொழி விளங்காவிட்டாலும் சுவரில் தொங்கிய கலண்டரில் அவர் விரல் வைத்த இடம் விளங்கியது. வருகிற சனிக்கிழமை. இன்னொரு தடவை வா.

வீட்டுக்கு வந்து கீறிப் பழகத் தொடங்கினேன். மனைவியின் தம்பி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அத்தான், இது தட்டோ, தேசிக்காயோ? பிழிஞ்சால் சாறு வரும்போல கிடக்கு."

"நீர் போய் உம்மட அலுவலைப் பாரும்."

"நான் என்ர அலுவலைத்தான் பாக்கிறன். உப்புக் கொண்டுவரட்டோ?"

அந்த வாரம் எங்களுக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. கார்டெரியில் சூட்டுக் குழாய் வெடித்து, வாரம் முழுக்கப் பூட்டு. தாய் வகுப்பால் வரும் வரைக்கும் மகளை நான் பார்க்க வேண்டும். நித்திரை போனால் போகட்டும் என்று எழும்பினேன். அவள் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நாலு வயதுப் பிள்ளையிடம் "பேசாமல் இரு, அப்பா கை பழகவேணும்" என்று சொன்னால் நடக்குமா? அதனால் பழகுவதையே விளையாட்டாக்க வேண்டி வந்தது. நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதல் விளையாட்டு வேலி அடைப்பது. கதவடியில் கட்டுக்கட்டாக வந்து விழும் கடை விளம்பரத் தாள்களை விரித்துவைப்போம். மகள் ஒரு படத்தைக் காட்டுவாள்: கோழிக்கால். தடித்த பேனையால் நான் அதைச் சுற்றி ஒரு நீள்வட்டம் போட வேண்டும். கோழிக்காலிலும் முட்டக்கூடாது, பக்கத்தில் இருக்கும் வெண்ணெய்க்கட்டியிலும் முட்டக்கூடாது. முட்டினால் கோழி ஓடிவிடும். அவள் அதைப் பிடிக்க வீடு முழுக்க ஓடுவாள். தொடக்கத்தில் எங்கள் வீட்டில் நிறையக் கோழி ஓடியது.

அடுத்தது பருந்து. பேனை தாளில் படாமல் மேலே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் "இறங்கு" என்றால்தான் இறங்கலாம். இறங்கின பிறகு நிற்கக் கூடாது, வேகமும் மாறக் கூடாது. சில வேளை அவள் வேண்டுமென்றே இறங்கச் சொல்லாமல் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டு இருப்பாள். பருந்துக்குத் தோள் உளையும். ஆனால் அப்படிச் சுற்றிச் சுற்றிப் பழகின கை, இறங்கும்போது தடுமாறாது என்று பிறகு கண்டுகொண்டேன்.

பெரிய பாடம் தட்டால் வந்தது. நாங்கள் நிலத்தில் பேப்பர் விரித்து, தட்டை முன்னால் வைத்துக் குனிந்து சாப்பிடுகிற ஆட்கள். எங்களுக்குத் தட்டு என்றால் எப்போதும் முழு வட்டம். மேசையில் இருக்கிறவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை. மகளைக் கதிரையில் நிற்கவிட்டு, அவள் கண் மட்டத்துக்கு ஒரு தட்டை உயர்த்தினேன். வெறும் கோடு. மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். கோடு விரிந்தது. இன்னும் இறக்கினேன். இன்னும் விரிந்தது.

"அப்பா, தட்டு கொட்டாவி விடுது!" என்றாள்.

அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது. கண் மட்டத்துக்குக் கிட்ட இருந்தால் வாய் மூடும். கீழே போகப்போக வாய் திறக்கும். அதனால்தான் கப்பின் வாயைவிட அடிப்பாகம் கூடுதலாக வளைய வேண்டும். நான் அதுவரை கப்பின் அடியை நேர்கோடாகக் கீறிக்கொண்டிருந்தேன், மேசை மட்டமாகத்தானே இருக்கிறது என்று. ஒரு தாளில் மூடின வாயிலிருந்து முழுக்கத் திறந்த வாய் வரை வரிசையாகக் கீறினோம். அவள் ஒவ்வொன்றுக்கும் பல்லு வைத்தாள்.

இவ்வளவும் செய்தும் வியாழக்கிழமை வரைக்கும் அந்த இரண்டு கூர் என்னை விடவில்லை. ஓரத்துக்கு வந்ததும் கை ஒரு கணம் நின்று யோசித்தது.

அன்று மத்தியானம் மனைவி வகுப்பால் வந்து இடியப்பத்துக்கு மா குழைத்தா. அரிசிமா கிடைக்காத காலம். கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து எடுத்த மா. கொஞ்சம் ஆறினாலும் இடியப்பம் பிழிகிற உரலுக்குள் கல்லு மாதிரி இறுகிவிடும்.

"இஞ்சேருங்கோ, கீறினது காணும். வந்து ஒரு கை பிழியுங்கோ. எனக்குக் கை இழுக்குது."

உரலை இரண்டு கையாலும் பிடித்து அமத்தினேன். ஓரத்துக்கு வந்ததும் வழக்கம்போல நின்றேன். அந்த இடத்தில் மா கட்டியாக விழுந்தது.

"நிக்காதேங்கோ! நிண்டால் குவியும். கையை விடுங்கோ, ஆளாய்ச் சுத்துங்கோ."

ஆளாய்ச் சுற்றினேன். தோள் சுற்றியது, முதுகு சுற்றியது, கால் பெருவிரல் வரைக்கும் சுற்றியது. மூன்று சுற்று ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து இடியப்பம் வந்தது. ஓரம் எங்கே என்று கைக்குத் தெரியவே இல்லை.

உரலை அவவின் கையில் கொடுத்துவிட்டு, ஆவி பிடித்து வெளுத்திருந்த குசினி யன்னலுக்கு ஓடினேன். மாக் கையோடு, விரலால், அதே சுற்று. கூர் இல்லை. கண் இல்லை. நல்ல ஒரு தட்டு, அதற்குள்ளால் வெளியில் பனி தெரிந்தது.

"அங்கோர், அப்பா, அங்கோர்!" என்று குதித்தாள் மகள். இன்னொன்று போடு என்று கார்டெரியில் பழகின பிரெஞ்சு. யன்னல் முழுக்கத் தட்டுப் போட்டோம். அவளுக்கு எட்டும் உயரம் வரை அவள், மேலே நான்.

அதன் பிறகு கீறுவதற்கு முதல் வெறும் உரலைப் பிடித்துச் சுற்றுவது வழக்கமாகிவிட்டது. மனைவியின் தம்பி பார்த்துவிட்டு, "சனிக்கிழமை உரலோட போகாதேங்கோ அத்தான். அந்தாள் பொலிசைக் கூப்பிடும்," என்றார்.

உரலைக் கொண்டுபோகவில்லை. ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்றதும் இரண்டு கையையும் பொத்திப் பிடித்து, கண்ணை மூடி, காற்றில் இடியப்பம் பிழிந்தேன். கண் திறந்தால் இத்தாலிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நிற்கிறார். கும்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

தூரிகையைத் தோய்த்தேன். பருந்து சுற்றியது. இறங்கியது. தோளும் முதுகும் சேர்ந்து வந்தன. ஆனால் பிள்ளைகளே, கண்ணாடியில் பூச்சு ஒரு சுற்றுத்தான் போக வேண்டும். என் கைக்கு அது ஞாபகம் இல்லை. இடியப்பம் பிழிந்த கை மூன்று சுற்றுப் போய்த்தான் நின்றது.

முடிந்தது கதை என்று நினைத்தேன். திங்கட்கிழமை பின்னேரம் திரும்பவும் கோப்பை கழுவல். துடைக்கும் துணியை நானே எடுத்துவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, கோட்டில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போனார். சுற்றி வந்து பின்பக்கத்தாலும் பார்த்தார். கோடு ஒன்றே ஒன்றுதான். மூன்று சுற்றும் ஒரே பாதையில் போயிருந்தன. கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் தன் இரண்டு கையையும் பொத்தி, என்னைப்போலக் காற்றில் சுற்றிக்காட்டி, புருவத்தை உயர்த்தினார். இது என்ன என்று அர்த்தம். சாப்பாடு என்று வாய்க்குக் கை காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"லண்டி," என்றார். திங்கட்கிழமை. வேலைக்கு வா. அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். வாரம் முழுக்க மகள் கிழமைப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தவள்.

திங்கட்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். வெளியில் நல்ல இருட்டு. மகள் சோபாவில் இருந்து என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, வேலைக்குப் போகேல்லையோ?" என்றாள்.

"போட்டு வந்திட்டன்."

நம்பாமல் தாயைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் ஓடிப்போய் ஒரு தட்டோடு வந்தாள். சாப்பிட்ட பிறகும் அந்தத் தட்டை விடவில்லை. படுக்கையில் கிடந்தபடி என் கையில் தந்தாள். நான் அதை அவள் கண் மட்டத்தில் பிடித்து மெல்ல இறக்கினேன். தட்டு வாய் திறந்தது. அதைப் பார்த்து அவளும் ஒரு கொட்டாவி விட்டாள். இன்னொரு தரம் இறக்கினேன். பாதியில் கண் மூடிவிட்டாள்.

நித்திரை கொண்டுவிட்ட மகளை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அவள் நித்திரையாகிப் போவதை இந்த ஊருக்கு வந்து அன்றுதான் பார்த்தேன்.